பாதுகாப்பு இல்லத்தில் இருந்து வாடகை வீட்டுக்கு: 120,000 ரூபாவை எப்படிப் பிரிப்பது? (திருகோணமலை)

மனையாவெளி_வாசி கேட்டது:

வணக்கம். திருகோணமலை நகரத்தில் சின்னதாக ஒரு உதவி நிதி தொடங்குகிறோம். பாதுகாப்பு இல்லத்தில் இருந்து பிள்ளைகளோடு வெளியில் வரும் பெண்கள், 18 வயது முடிந்து சிறுவர் இல்லத்தை விட்டுப் போகும் பிள்ளைகள், இவர்களுக்கு வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதுதான் நோக்கம். ஒரு குடும்பத்துக்கு ஆகக்கூடியது 120,000 ரூபா. மாதம் 20,000 வீதம் ஆறு மாதம் கொடுப்போம் என்று கூட்டத்தில் பேச்சு. ஆனால் வீட்டுக்காரர்கள் ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். அதைக் கொடுத்தால் முதல் நாளே நிதி முடிந்தது. காசைக் குடும்பத்திடம் கொடுப்பதா, வீட்டுக்காரரிடமா? ஒப்பந்தம் யார் பெயரில்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை

மாதம் 20,000 தருவோம் என்று சொன்னால் 20,000 ரூபா வீட்டைத்தான் பார்ப்பார்கள். ஏழாம் மாதம் அதை யார் கட்டுவது? கணக்கை அங்கேயிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 2026 ஜனவரியில் இருந்து தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டினால் கையில் 27,600. ஒரு ஆள் உழைத்து இரண்டு பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் வாடகைக்கு 12,000க்கு மேல் போகவே கூடாது. அதுவே இழுபறிதான்.

இந்தக் காசுக்கு நகரத்துக்குள் தேடி நாளைக் கழிக்க வேண்டாம். பாலையூற்று, அன்புவழிபுரம், செல்வநாயகபுரம் பக்கம் உள்வீதிகளில் விசாரியுங்கள். முழு வீடு சரிவராவிட்டால் தனி வாசல் உள்ள இரண்டு அறை போதும்.

அட்வான்ஸைப் பகையாக நினைக்காதீர்கள். அதையே உதவியாக மாற்றலாம். 12,000 வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் 72,000. முதல் மூன்று மாதமும் முழு வாடகையை அதில் கழிக்கச் சொல்லுங்கள், 36,000 போகும். அடுத்த ஆறு மாதமும் பாதியைக் கழிக்கச் சொல்லுங்கள், மற்ற 36,000 போகும். அந்த ஆறு மாதமும் குடும்பம் 6,000 கட்டும், பத்தாம் மாதத்தில் இருந்து முழு 12,000. அவர் கேட்ட அட்வான்ஸ் வீட்டுக்காரருக்குக் கிடைக்கிறது, குடும்பத்துக்கு ஒன்பது மாத மூச்சு கிடைக்கிறது. நீங்கள் யோசித்த ஆறு மாதத்தை விட மூன்று மாதம் கூட.

ஆனால் ஒன்பதாம் மாத முடிவில் வீட்டுக்காரர் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது. கரண்ட் பில்லை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் வரும். அதற்கு ஒரு மாத வாடகையைத் திருப்பித் தரும் வைப்பாகத் தனியாகக் கொடுங்கள். மொத்தம் 84,000. மிச்சம் 36,000இல் 20,000க்கு மேல் சாமானுக்குச் செலவழிக்க வேண்டாம்: பாய், மெத்தை, சட்டி பானை, 5 கிலோ கேஸ் சிலிண்டர், அடுப்பு. 16,000ஐக் கட்டாயம் பூட்டி வையுங்கள். நாலாம், ஐந்தாம் மாதம் பிள்ளைக்குச் சுகமில்லை, வேலை போய்விட்டது என்று ஏதாவது வரும், பாதி வாடகை தொடங்கும் நேரமும் அதுதான்.

சட்டப்புத்தகம்

மேலே உள்ள கணக்கு நல்லது. ஆனால் ‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல்லில் எழுதினால் கட்டாயம் சண்டை வரும். கழிகிற காசு, திரும்பி வருகிற காசு என்று இரண்டையும் தனித்தனிப் பந்தியில் எழுதுங்கள். எந்த மாதம் எவ்வளவு கழிகிறது என்ற அட்டவணையும் வேண்டும். குடும்பம் இடையில் எழும்பினால் கழியாத மிச்சம் 14 நாளுக்குள் நிதியின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், கையில் காசாக யாருக்கும் இல்லை என்றும் போடுங்கள்.

அடுத்தது வடிவம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840இன் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அதுதான். கடையில் டைப் அடித்து முத்திரையில் கையெழுத்து வைத்த தாளை நம்பி 72,000 கொடுக்க வேண்டாம். நொத்தாரிசு செலவை நிதியே ஏற்க வேண்டும்.

இது வீட்டுக்காரருக்கும் லாபம். அநேகமானவர்களுக்குப் பயம் வாடகை வராது என்பதில் இல்லை, ஆள் எழும்பாது, வழக்கு வருடக்கணக்காக இழுபடும் என்பதில்தான். குத்தகைக்குக் கொடுத்த வளவை மீளப் பெறுவதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், நொத்தாரிசு எழுதிய குத்தகைக்குச் சுருக்கமான வழக்கு நடைமுறையைத் தருகிறது. இதைச் சொல்லிக் கதைத்தால் ஆறு மாத அட்வான்ஸ் நாலாகக் குறையவும் இடமுண்டு.

காசு எப்போதும் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு. கணக்கு, வீட்டு உறுதியில் உள்ளவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மாமன் வீடு, மச்சான் வாடகை வாங்குகிறார் என்றால் அற்றோணித் தத்துவம் (அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கேளுங்கள்.

நிலாவெளி_ரோட்

உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் மாரியில் மலிவாக அறை கிடைக்கும், ஏமாறாதீர்கள். ஏப்ரல், மே ஆனதும் வெள்ளைக்காரர் வரத் தொடங்க, ‘வீட்டில் வேலை இருக்கு’ என்று எழுப்புவார்கள். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குக் குறைந்தால் அந்தப் பக்கம் வேண்டாம்.

கொட்டியாரம்

கரண்டை யாரும் சொல்லவில்லையே. வளவுக்குள் பின்பக்க வீடு என்றால் ஒரு மீற்றரில் இரண்டு குடும்பம் இருக்கும். மாதம் 60 யுனிற்றைத் தாண்டினால் முதல் 30 யுனிற்றுக்கான மலிவு விலை இல்லாமல் போய் வேறு அட்டவணைக்குள் விழும், நிலையான கட்டணமும் ஏறும். தனித்தனியே 50, 50 எரித்தால் வரும் இரண்டு பில்லை விட, ஒரே மீற்றரில் 100 எரித்தால் வரும் பில் கூட. உள்மீற்றர் பூட்டி ‘யுனிற்றுக்கு இவ்வளவு’ என்று வீட்டுக்காரர் எல்லா யுனிற்றுக்கும் ஒரே விலை சொன்னால், பில்லைப் பார்த்து அவர் கட்டும் சராசரிக்கு மேல் போகாமல் எழுதிக்கொள்ளுங்கள். திறப்பு வாங்கும் அன்று மீற்றர் எண்ணைப் படம் எடுங்கள். பழைய பில் நிலுவை இருக்கிறதா என்றும் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து மின்சார அலுவலகத்தில் கேளுங்கள், தண்ணி பில்லும் அப்படியே.

கார்த்திகை, மார்கழியில் வீடு பார்க்கக் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணிக் கறை என்று அப்போதுதான் தெரியும்.

தூரதேசம்

இந்த மாதிரிக்கு அமெரிக்காவில் ‘ராபிட் ரீஹவுஸிங்’ என்று பெயர். வீடு தேடிக் கொடுத்தல், குடிபோகும் செலவும் வாடகையும், குடியேறிய பிறகு ஆள் வைத்துப் பார்த்தல் என்று மூன்று பகுதி. அங்கே மத்திய அரசின் அவசர உதவி நிதியில் மூன்று வருடத்துக்குள் 24 மாதம் வரை வாடகை கொடுக்கலாம். அப்படியிருந்தும் 12 இடங்களில் 2,282 குடும்பங்களை வைத்து அவர்கள் செய்த ஆய்வில், குறுகிய கால வாடகை உதவி பெற்றவர்களின் நிலை வழமையான உதவி பெற்றவர்களை விடப் பெரிதாக மேலே போகவில்லை, செலவு மட்டும் குறைவு. மீண்டும் வீடில்லாமல் போவதைத் தெளிவாகக் குறைத்தது நீண்ட கால வாடகை மானியம்தான். ஆகவே வருமானம் இல்லாத குடும்பத்துக்கு ஒன்பது மாதம் காணாது. அப்படியானவர்களை எடுக்க முதலே தாபரிப்பு வழக்கு (கணவனிடம் செலவுக்குக் காசு கேட்பது), அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) இரண்டையும் தொடங்கிவிட வேண்டும்.

மனையாவெளி_வாசி

எல்லாருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை அண்ணாவின் அட்டவணையைக் கூட்டத்தில் வைக்கிறேன். ஒரு சந்தேகம்: கணவன் தேடிக்கொண்டு வரக்கூடிய பெண்ணின் பெயரில் ஒப்பந்தம் எழுதலாமா? அஸ்வெசும இப்போது கணவன் கணக்குக்குத்தான் போகிறது.

சட்டப்புத்தகம்

ஆபத்து இருக்கிற இடத்தில் முதல் வருடம் நிதியின் பெயரில் எடுங்கள். அந்தப் பெண் பிள்ளைகளோடு குடியிருக்க வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்று ஒரு வரி கட்டாயம். இல்லாவிட்டால் ‘உள்வாடகை கொடுத்துவிட்டீர்கள்’ என்று அதையே காரணமாக்கி எழுப்பலாம். வருட முடிவில் அவர் பெயருக்கு மாற்றுங்கள். சொந்தப் பெயரில் ஒரு ஒப்பந்தமும் இல்லாதவருக்கு அடுத்த வீடு எடுப்பது கஷ்டம்.

விலாசம் வீட்டில் இருந்து கசிவது குறைவு. பிள்ளையின் விடுகைப் பத்திரத்தில் புதுப் பாடசாலையின் பெயர், ஜி.எஸ். (கிராம சேவகர்) பதிவு மாற்றம், இந்த இரண்டு வழியாலும்தான் கசியும். பழைய இடம், புது இடம் இரண்டின் ஜி.எஸ்.மாரையும் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் மூலம் முதலே சந்தியுங்கள். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் (2005, இலக்கம் 34) கீழ் இடைக்காலக் கட்டளை 14 நாள், பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதம். ஒப்பந்தக் காலத்தையும் கட்டளை முடியும் திகதியையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அவசரத்துக்குப் பெண்கள் உதவித் தொலைபேசி 1938.

அஸ்வெசும குடும்பமாகப் பதியப்படுவது. பிரிந்து இருப்பதை ஜி.எஸ். உறுதிப்படுத்தி, தனிக் குடும்பமாக விண்ணப்பித்தால்தான் அந்தப் பெண்ணின் கணக்குக்கு வரும். கிடைத்தாலும் 2025இல் கூட்டியபடி மிக வறிய பிரிவுக்கு மாதம் 17,500, வறிய பிரிவுக்கு 10,000. அதை நம்பி வாடகையைக் கூட்ட வேண்டாம்.

கணக்கப்பிள்ளை

18 வயதுப் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன கணக்குச் சரிவராது தம்பி. வீடு வேண்டாம், இரண்டு பேராகப் போர்டிங் அறை எடுங்கள். அங்கே ஒன்று அல்லது இரண்டு மாத அட்வான்ஸ்தான் வழமை. மிச்சக் காசை அவர்கள் பயிற்சி முடியும் வரை மாத வாடகையாகவே கட்டுங்கள். அடையாள அட்டையில் இல்லத்தின் விலாசம்தான் இருக்கும், அதைப் பார்த்ததும் சிலர் அறை தர மறுப்பார்கள். அந்த இடத்தில் உங்கள் நிதியின் கடிதம் ஒன்றும், பொறுப்புக் கையெழுத்துப் போட ஒரு ஆளும் தயாராக இருக்க வேண்டும்.