காவல் சரிபார்ப்பில் நிலுவை வழக்கு: தன்னார்வலரைச் சேர்க்கலாமா?

மதுரையில் மாலை நேர இலவச டியூஷன் மையம். 8 முதல் 15 வயதுப் பிள்ளைகள். பாடம் நடத்த விண்ணப்பித்த ஒருவரின் காவல் சரிபார்ப்பு அறிக்கையில் 2021 வழக்கு ஒன்று வந்திருக்கிறது: இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 294(பி), 323, 506(1); அதாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. தெருத் தகராறு என்றாலே போடுகிற பிரிவுகள்தான். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை.

எஃப்.ஐ.ஆர். நகல், எழுத்து விளக்கம் இரண்டும் வாங்கியாச்சு. நீதிமன்ற வழக்கு நிலவரம் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்த்ததில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சாட்சி விசாரணையில் நிற்கிறது, தீர்ப்பு இல்லை. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த போக்சோ விதிகள் 2020, விதி 3 பணியாளர்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. நிலுவை வழக்கு இருந்தால் என்ன செய்வது என்பது அதில் இல்லை. சம்பளமில்லாத தன்னார்வலர் அதற்குள் வருவாரா என்பதும் தெளிவில்லை. கேட்ட வக்கீல் "உங்க இஷ்டம்" என்று முடித்துவிட்டார். இப்போதைக்கு வகுப்பு எதுவும் கொடுக்கவில்லை.

தீர்ப்பு வரும்வரை, இன்னொரு ஆசிரியர் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதிக் கையெழுத்து வாங்கிச் சேர்த்தால், பின்னால் புகார் எழும்போது அந்த எழுத்து மையத்துக்குச் சட்டப்படி கைகொடுக்குமா?