சிசிஎன்ஏ தேர்வுப் பதற்றம்: எழுதித் தேறியவர்களிடம் ஒரு வேண்டுகோள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் சிஸ்கோ நிறுவனம் கணினி வலையமைப்புத் துறைக்காக நடத்தும் சிசிஎன்ஏ (200-301) சான்றிதழ்த் தேர்வை எழுதவிருக்கிறேன். பகலில் வேலை, இரவு பத்து மணிக்கு மேல் படிப்பு என்று ஐந்து மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாடம் புரியாமல் இல்லை. ஒரு வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கைத் தாளில் நிதானமாகப் போட்டால் சரியாகவே வருகிறது. ஆனால் மாதிரித் தேர்வில் திரையின் மூலையில் நேரம் குறையத் தொடங்கியதும் உள்ளங்கை வியர்த்து, /26 என்று குறிக்கப்படும் பகுதியில் 64 முகவரிகள், அவற்றில் கருவிகளுக்குத் தரக்கூடியவை 62 என்ற எளிய கணக்கில்கூட இரண்டைக் கழிக்க மறந்துவிடுகிறேன். 120 நிமிடத் தேர்வில், விடையளித்துவிட்டு நகர்ந்த கேள்விக்குத் திரும்பிச் செல்ல முடியாது என்பதுதான் என்னை மிகவும் அலைக்கழிக்கிறது. தெரியாததை விட்டுவைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்வது பள்ளி நாள்களிலிருந்தே எனக்குப் பழக்கம். தோற்றாலும் ஐந்து நாள் கழித்து மீண்டும் எழுதலாமே என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். அதற்கு இன்னொரு 300 டாலர் கட்ட வேண்டும் என்பதை நான் இதுவரை சொல்லவில்லை.

வேலையோடு இத்தேர்வை எழுதித் தேறியவர்கள், ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டால் எத்தனை நிமிடத்தில் ஊகித்துவிட்டு நகர்ந்தீர்கள், கடைசி வாரத்தில் புதிய பாடங்களை நிறுத்திவிட்டீர்களா, தூக்கத்தை எப்படிக் காத்துக்கொண்டீர்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கசிந்த வினாத்தாள்களை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.