கூட நின்னவங்களுக்கே சூப்பர்வைசர்: முதல் மூணு மாசம் எப்படி நடந்துக்கிறது?

திருமங்கலம்_டவுன்பஸ் (கேள்வி)

வணக்கம். கப்பலூர் சிட்கோவுல ரப்பர் பார்ட்ஸ் யூனிட். ரப்பரைச் சூட்டுல அமுக்கி வார்க்குற கம்ப்ரஷன் பிரஸ் ஆறு. ஒரு ஷிப்டுக்கு 14 பேர்: பிரஸ்ல 6, ஓரத்துப் பிசிறு வெட்டுற டிரிம்மிங்ல 5 (எல்லாரும் பெண்கள்), இன்ஸ்பெக்ஷன்ல 2, ஹெல்பர் 1. இதுவரை பிரஸ் ஆபரேட்டரா இருந்தேன். வர்ற ஒண்ணாம் தேதியில இருந்து அதே ஷிப்டுக்கு சூப்பர்வைசர்.

ஆபரேட்டர்ல மூணு பேர் என்னைவிட வயசுல மூத்தவங்க. ஒருத்தர் எனக்கே தொழில் சொல்லிக் குடுத்த அண்ணன். அவருக்கு இந்தப் பதவி வரல. அவர்கிட்ட வேலை வாங்குறது எப்படி? தப்பு நடந்தா எங்க, எப்படிச் சொல்றது? "நீ நல்ல எக்ஸாம்பிளா இருக்கணும்"னு மேனேஜர் சொல்லிட்டுப் போயிட்டாரு. பொத்தாம் பொதுவா இல்லாம, நாளைக்குக் காலையில என்ன செய்யணும்ங்கிற மாதிரி சொன்னா உதவியா இருக்கும்.

மோல்டுக்காரன்

தம்பி, எக்ஸாம்பிள்னா என்னன்னு கணக்காவே பார்த்துருவோம். உங்க பார்ட்டுக்கு கியூரிங், அதாவது ரப்பர் சூட்டுல வேகுற நேரம், 6 நிமிஷம்னு வச்சுக்குங்க. எடுத்துப் போட ஒன்றரை நிமிஷம். ஒரு சைக்கிள் ஏழரை நிமிஷம். எட்டு மணி நேர ஷிப்டுல சாப்பாடு அரை மணி போக 450 நிமிஷம், அதாவது 60 சைக்கிள். கியூரிங்ல ஒரே ஒரு நிமிஷத்தைத் திருடினா 69 சைக்கிள் வரும். வண்டி வாசல்ல நிக்குது, கஸ்டமர் போன் மேல போன் போடுறாரு. அந்த நேரத்துல நீங்க "இன்னைக்கு ஒருநாள் அஞ்சுலயே திறங்கப்பா"ன்னு சொன்னீங்கன்னா, அன்னையில இருந்து உங்க ஷிப்டுக்கு கியூரிங் டைம் அஞ்சு நிமிஷம்தான். சார்ட்ல எது ஒட்டியிருந்தாலும் சரி.

வேகாத பார்ட் வெளிய பார்க்க நல்லாத்தான் இருக்கும். தடிமனான இடத்துல நடுவுல பஞ்சு மாதிரி இருக்கும், அமுக்கினா பழைய உயரத்துக்குத் திரும்பாது. கஸ்டமர் லைன்ல போய்த்தான் தெரியும். ரிஜெக்ஷன் திரும்பி வர்ற அன்னைக்கு ஆபரேட்டரைத் திட்ட உங்களுக்கு வாய் இருக்காது. அவசரம் வர்றப்ப நீங்க என்ன செய்யறீங்களோ, அதைத்தான் 14 பேரும் பாடமா எடுத்துக்குவாங்க. கை உள்ள போகாம தடுக்குற கார்டை (guard) கம்பி வச்சுக் கட்டுறது, ரெண்டு கையாலயும் அமுக்க வேண்டிய பட்டன்ல ஒண்ணை டேப் போட்டு ஒட்டுறது, கிளவுஸ் இல்லாம மோல்டை (அச்சை) தொடுறது எல்லாத்துக்கும் இதேதான்.

இப்ப அந்த அண்ணன் விஷயம். ஒண்ணாம் தேதிக்கு முன்னாடியே நீங்களா போய்ப் பேசிருங்க, தனியா. "உங்க தயவாலதாண்ணே"ன்னு இழுக்க வேண்டாம், அது அவருக்கு இன்னும் குத்தும். "ஒண்ணாம் தேதியில இருந்து ஷிப்ட் பொறுப்பு எனக்கு. டை (மோல்டு) மாத்துறதுல உங்க அளவுக்கு இங்க ஆள் இல்ல. ரெண்டு பேருக்கு நீங்க கத்துக் குடுக்கணும், மேனேஜர்கிட்ட சொல்லி எழுத்துலயே போட்டுடறேன்" அப்படின்னு பேச்சு இருக்கணும். சொன்னபடி எழுத்துல போட்டு வாங்கிருங்க. அதை மறந்தீங்கன்னா பேசுனதே வீண்.

அண்ணேங்கிறது அண்ணேயாவே இருக்கட்டும். திடீர்னு பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சா அன்னைக்கே கதை முடிஞ்சது. கூப்பிடுறதுல மரியாதை, வேலையில கறார். "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்கண்ணே"ன்னு சொன்னா ஒண்ணும் நடக்காது. "அண்ணே, மூணாம் நம்பர்ல டைமர் அடிச்சப்புறம்தான் திறக்கணும், பிளாங்க் எடையை அரை மணிக்கு ஒரு தடவை போட்டு எழுதுங்க"ன்னு சொல்லுங்க. (பிளாங்க்னா மோல்டுல வைக்கிற பச்சை ரப்பர் துண்டு.) சொன்னது நடந்துச்சான்னு அரை மணி கழிச்சுப் போய்ப் பாருங்க. பாதிப்பேர் தோக்குறது அந்தத் திரும்பிப் போய்ப் பார்க்குறதுலதான்.

தப்பைச் சொல்றது: அதே ஷிப்டுல, தனியா, பார்ட்டைக் கையில வச்சுக்கிட்டு. மூணே வாக்கியம் போதும். என்ன பார்த்தேன், அதனால என்ன ஆகும், இனிமே எப்படி. அப்புறம் "ஏன் இப்படி ஆச்சு?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும். பெரும்பாலும் அவர் சொல்ற பதில்ல நியாயம் இருக்கும். ஹீட்டர் ஒரு பக்கம் சூடேறல, பிளாங்க் எடை ஒரே சீரா வரல, இப்படி. டீக்கடையில சொல்றது, வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ போடுறது, "உன்னை அப்பவே எனக்குத் தெரியும்"னு பழங்கதை இழுக்குறது மூணும் கூடாது. பிரஸ் பிளேட்டுக்கு நடுவுல கை போகுதுன்னா மட்டும் இந்த நாகரிகமெல்லாம் பார்க்க வேண்டாம். சத்தம் போட்டு நிறுத்துங்க, யாரா இருந்தாலும், யார் முன்னாடின்னாலும். சமாதானம் பிறகு பேசிக்கலாம்.

ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வந்து, போற சூப்பர்வைசர்கிட்ட மூணு கேள்வி: எந்த பிரஸ்ல எந்த மோல்டு, எதுல டெம்பரேச்சர் ஆடுது, எந்த பேட்ச் காம்பவுண்ட் (ரப்பர் கலவை) எவ்வளவு மிச்சம். அப்புறம் எல்லாரையும் நிக்க வச்சு அஞ்சு நிமிஷம் பேச்சு. நேத்து ரிஜெக்ஷன் எத்தனை, இன்னைக்கு எது மாறுது, அவ்வளவுதான். ஏழு நிமிஷம் ஆனா அது மீட்டிங், யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த அரை மணி போனை லாக்கர்ல வச்சுட்டு ஆறு பிரஸ்ஸையும் ஒரு சுத்து சுத்தி வாங்க.

வைகைக்கரை

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சூப்பர்வைசருக்கு மரியாதை வருவதற்கு மிக நேரான வழி, வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பது. "பக்கத்துல நின்னு பாரு, தானா வரும்" என்பது கற்பித்தல் அல்ல.

இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமில்லாத ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர்களை விரைவில் பழக்குவதற்காக சூப்பர்வைசர்களுக்கென உருவாக்கிய பயிற்சி அது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. டிடபிள்யூஐ (Training Within Industry) என்று சொல்வார்கள். அதில் வேலையைக் கற்றுக்கொடுக்கும் பகுதி உங்களுக்கு இப்போதே பயன்படும்.

முதலில் ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: படி, சூட்சுமம், காரணம். பிளாங்க் போடும் வேலையையே எடுத்துக்கொள்வோம். முதல் படி எடை போடுவது. சூட்சுமம், சார்ட்டில் உள்ள எடைக்குள் இருக்க வேண்டும். காரணம், எடை குறைந்தால் மூலையில் நிரம்பாது; கூடினால் மோல்டு முழுதாக மூடாமல் பிளாஷ் (ஓரத்தில் பிதுங்கும் ரப்பர்) தடித்து, பார்ட்டின் உயரமும் ஏறிவிடும். இன்னொரு படி, மூடியவுடன் பிரஸ்ஸைச் சற்றே திறந்து மூடிக் காற்றை வெளியேற்றுவது. சூட்சுமம், ரப்பர் இறுகத் தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். காரணம், செய்யாவிட்டால் கொப்புளம். தாமதமாகச் செய்தால் கிழிசல். எட்டு படிக்கு மேல் போனால் வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு நாளில் சொல்லிக்கொடுங்கள்.

கற்றுக்கொடுக்கும்போது ஆள் உங்களுக்கு எதிரே நிற்கக்கூடாது. வலது இடதாகத் தெரியும். உங்கள் பக்கத்தில் நிற்கட்டும். அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மூன்று முறை செய்து காட்டுங்கள். முதல் முறை படிகளை மட்டும் சொல்லுங்கள், இரண்டாம் முறை சூட்சுமங்களையும், மூன்றாம் முறை காரணங்களையும். பிறகு அவர் செய்ய வேண்டும். முதலில் பேசாமல் செய்யட்டும், தவறு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள். அடுத்தடுத்த முறை படி, சூட்சுமம், காரணம் என்று அவரே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். காரணம் சொல்ல முடியாதவர் நீங்கள் திரும்பியதும் அந்தப் படியைத் தாண்டிவிடுவார். இது அவர் குறையல்ல, கற்றுக்கொடுத்ததில் உள்ள குறை.

கடைசியாகத் தனியே விடுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று ஆளைக் காட்டுங்கள். முதல் நாள் அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டலாம்.

வடமாநில இளைஞர்கள் இருந்தால், மொழி புரியாது என்பதால் இந்த மூன்று பத்தித் தாள் மட்டும் போதாது. நல்ல பார்ட், கெட்ட பார்ட் இரண்டையும் பலகையில் கட்டித் தொங்கவிடுங்கள். இந்தியில் எண்களையும், 'நிறுத்து', 'சூடு', 'கை' என்ற சொற்களையும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

தூங்காநகரத்தான்

எல்லாம் சரி. ஆனா ஒரு எச்சரிக்கை. ஆபரேட்டரா இருந்து சூப்பர்வைசர் ஆனவங்க செய்யற முதல் தப்பு, ஆள் வரலைன்னா தானே பிரஸ்ல ஏறி நிக்கிறது. "பார்த்தியா, சூப்பர்வைசரே கிளவுஸ் மாட்டுறாரு"ன்னு முதல் வாரம் கைதட்டு கிடைக்கும். மூணாவது வாரம் மிச்சம் அஞ்சு பிரஸ்ல என்ன நடக்குதுன்னு பார்க்க ஆள் இருக்காது. பத்துப் பதினஞ்சு நிமிஷம், ஒருத்தர் பாத்ரூம் போய்ட்டு வர்ற வரைக்கும் நிக்கலாம். அதுக்கு மேல ஆள் குறைஞ்சா எந்த பிரஸ்ஸை நிறுத்துறதுன்னு முடிவெடுக்குறதுதான் உங்க வேலை.

நம்ம ஊர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை எடுத்துக்குங்க. டாக்டர் வெங்கடசாமி ரிடயர் ஆனப்புறம் 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு. அங்க ஒரு டேபிள்ல ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து டேபிள்ல அடுத்த நோயாளியைத் தயார் பண்ணி வச்சிருப்பாங்க. அதைச் செய்யறது பெரும்பாலும் கிராமத்துல இருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பொண்ணுங்க. டாக்டர் தன் கையாலதான் ஆகணும்ங்கிறதை மட்டும் செய்வாரு. அந்தப் பொண்ணுங்களை நம்பி விட முடியறது, வைகைக்கரை சொன்ன மாதிரி படிப்படியா பழக்கினதாலதான்.

ஒவ்வொரு வேலையும் யாருக்கெல்லாம் தெரியும்னு ஒரு கட்டம் போட்டு வைங்க. ஒரு பக்கம் 14 பேர், ஒரு பக்கம் வேலைகள். ஒரே ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச வேலை எங்கெல்லாம் இருக்கோ அங்கதான் உங்க அடுத்த மூணு மாசப் பயிற்சி.

திருமங்கலம்_டவுன்பஸ்

ரொம்ப நன்றி. டை மாத்துறது சத்தியமா அந்த அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், கட்டமே போட வேண்டாம். இன்னொரு தலைவலி. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு 14 பேரும் லீவு கேப்பாங்க. போன வருஷம் அடிதடி ஆகாத குறை. இதை எப்படி?

மேலமாசிவீதி_அக்கா

தம்பி, அது திடீர்னு வர்ற மழை இல்லையே. சித்ரா பௌர்ணமி எந்தத் தேதின்னு பஞ்சாங்கத்துல வருஷ ஆரம்பத்துலயே இருக்கு. ஆறு வாரம் முன்னாடி ஒரு தாளை ஒட்டிருங்க. "லீவு வேணுமா"ன்னு கேக்காதீங்க, "எந்த நாள் வேணும்"னு கேளுங்க. எதிர்சேவைக்குப் போறவங்க வேற, விடியக்காலை ஆத்துல இறங்குறதைப் பார்க்குறவங்க வேற, ராமராயர் மண்டபத்துல ராத்திரி தசாவதாரம் பார்க்க முழிச்சிருக்கறவங்க வேற. நேர்த்திக்கடனுக்கு முடி இறக்குறவங்க, தண்ணி பீச்சுறவங்க வீட்டுக்கு விட்டே ஆகணும். கேட்டுப் பார்த்தா பாதிச் சண்டை அங்கயே தீரும். பொங்கலும் இப்படித்தான். அவனியாபுரத்துக்காரருக்குத் தை 1, பாலமேட்டுக்காரருக்குத் தை 2, அலங்காநல்லூர்க்காரருக்குத் தை 3.

அடுத்து, அன்னைக்கு எத்தனை பிரஸ் ஓடியே ஆகணும்னு மேனேஜர்கிட்ட எண்ணிக்கையா வாங்குங்க. மூணு போதும்னா மிச்சத்தை முன்னாடி ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா அடிச்சு ஸ்டாக் வைக்கலாம். அதுக்கு ஓவர்டைம் போட்டா இரட்டைச் சம்பளம், சட்டம் அது. அதை வாங்கித் தர்றதும் உங்க பொறுப்புதான். போன வருஷம் லீவு கிடைச்சவங்க இந்த வருஷம் பட்டியல்ல கடைசி. உங்க பேரும் அதே தாள்லதான் இருக்கணும். முதல் வருஷம் ஆத்துல இறங்குற நாளை நீங்க எடுக்காதீங்க. பட்டியலை மூணு வாரம் முன்னாடி ஒட்டினப்புறம் யார் சிபாரிசு வந்தாலும் மாத்தக் கூடாது. சாவு, ஆஸ்பத்திரி தவிர.

டிரிம்மிங்ல பெண்கள் இருக்காங்கன்னு சொன்னீங்க, யாருமே அதைப் பத்திப் பேசல. யாராவது வந்து ஒருத்தர் தொல்லை கொடுக்குறார்னு சொன்னா நீங்க நாட்டாமை பண்ணக் கூடாது. "நான் பேசி வைக்கிறேன்மா"ன்னு முடிச்சு வைக்கவும் கூடாது. 10 பேரோ அதுக்கு மேலயோ இருக்குற எந்த இடத்துலயும் உள்ளகப் புகார் குழு இருக்கணும், 2013 சட்டம். மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். குழுவுல யார் யார்னு இன்னைக்கே தெரிஞ்சு வச்சுக்குங்க. உங்க யூனிட்ல பேர்ப்பலகையே இல்லைன்னா மேனேஜர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி அது. இன்னொண்ணு, டிரிம்மிங்ல டார்கெட் ஏத்துறதுக்கு முன்னாடி பிரஸ்ல பிளாஷ் ஏன் தடிமனா வருதுன்னு பாருங்க. அங்க பிளாங்க் எடை கூடினா இங்க அவங்க விரல்தான் தேயுது.

அப்புறம் கைமாத்து, சீட்டு. ஷிப்ட் ஆளுங்களோட நீங்க போட்டிருக்கற சீட்டை இந்தச் சுத்தோட முடிச்சுக்குங்க. கடன் வாங்கின ஆள்கிட்ட ரிஜெக்ஷன் கணக்குக் கேக்க நாக்கு எழும்பாது.

திருமங்கலம்_டவுன்பஸ்

அக்கா, பலகையைப் பத்தி நாளைக்கே கேக்குறேன். கடைசியா ஒண்ணு. ஆபரேட்டர் பசங்க வாட்ஸ்அப் குரூப்புல நானும் இருக்கேன். அதுல சூப்பர்வைசர்களைக் கிண்டல் பண்றதுதான் முக்கால்வாசி. சத்தமில்லாம வெளிய வந்துரவா?

மோல்டுக்காரன்

சத்தமில்லாம வராதீங்க, "இப்பவே ஆளு மாறிட்டான்"னு ஆயிரும். உள்ளேயே இருந்தாலும் ஒட்டுக் கேக்குற மாதிரி. "ஒண்ணாம் தேதியில இருந்து நீங்க என்னையும் கலாய்க்கணும்ல, அதுக்கு இடம் விடுறேன்"னு போட்டுட்டு வெளிய வாங்க. ஷிப்ட் தகவலுக்கு மட்டும் வேற குரூப். அதுல மோல்டு மாத்தம், வண்டி நேரம், லீவுப் பட்டியல் தவிர எதுவும் போடாதீங்க. குட்மார்னிங் படம் உட்பட.