ஒரே வீட்டுக்குள் எதுக்கு ஸ்டாம்ப்?

திருப்பூரிலிருந்து:

எழுத்து வழியாகக் காதல் வந்தவர்கள் சொல்லுங்கள் என்றதும் கொஞ்சம் தயங்கினேன். எனக்கு வந்தது கல்யாணமாகி மூன்றரை வருடம் கழித்து, சொந்தப் புருஷன் மேல். இதையெல்லாமா போய்ச் சொல்வது என்று இருந்தது.

நானும் அவரும் கோபிசெட்டிபாளையத்தில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. வாடா, போடி சிநேகம். இரண்டு வீட்டிலும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, தெரியாத ஆளுக்குத் தெரிந்த ஆளே மேல் என்று நாங்களே பேசி முடிவு செய்தோம். 2007 தை மாதம் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் "டேய், அந்தத் தண்ணிய எடு" என்று சொல்லிவிட்டேன். அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அன்றிலிருந்து "ஏனுங்க, வாங்க, சாப்பிடுங்க"தான். மரியாதை வந்தது, பேச்சு போய்விட்டது.

அப்புறம் திருப்பூர். அவருக்கு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்புகிற வாரம் என்றால் வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். நான் பள்ளிக்கூடத்துக்கு ஏழரைக்கே பஸ் பிடிக்க வேண்டும்.

2010 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஒரு நாவல் வாங்கினேன். பேர் வேண்டாம், சுமாரான புத்தகம். நண்பர்கள் இரண்டு பேர் வீட்டாருக்காகக் கல்யாணம் செய்துகொண்டு, ஒரே வீட்டில் இருந்தபடியே ஒருவருக்கொருவர் தபாலில் கடிதம் போட்டுக் காதலிப்பார்கள். படித்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தால், முதல் கடிதத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: "ஒரே வீட்டுக்குள் எதுக்கு ஸ்டாம்ப்? லூசா இவங்க?"

நான் கீழே எழுதினேன்: "உன்னை மாதிரி ராத்திரி ஒரு மணிக்கு வர்றவனா இருந்தா ஸ்டாம்ப் வேணும்டா."

எழுதி முடித்த பிறகுதான் அந்த 'டா'வைக் கவனித்தேன். அழிப்பதா வேண்டாமா என்று பஸ் வருகிற வரைக்கும் யோசனை. அழிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் அவரும் "வாடி" என்று ஆரம்பித்திருந்தார்.

புத்தகம் ஃபிரிட்ஜ் மேலேயே நான்கு மாதம் இருந்தது. கதாநாயகி தனியாக அழுகிற இடத்தில் அவர் கேட்டிருந்தார்: "நீ இப்படி அழுதிருக்கியா?" அதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. "ஒரு தடவை. தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்த அன்னிக்கு. கதவைத் திறந்தா யாரும் இல்லை." அன்று ராத்திரி அவர் என்னை எழுப்பவில்லை. காலையில் பார்த்தால் ஓரத்தில் ஒரு வரிகூட இல்லை. டிபன் பாக்ஸில் தயிர் சாதம் கட்டி, ஸ்பூன்கூட எடுத்து வைத்திருந்தார். உப்புப் போட மறந்துவிட்டார், அது வேறு.

2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூடினார்கள். சாயக் கழிவை விட்டு நொய்யல் ஆற்றை அந்தக் கதிக்கு ஆக்கியதற்கு அது வர வேண்டிய உத்தரவுதான். துணிக்குச் சாயம் போட வெளியூருக்கு அனுப்பி அல்லாடியதில் கம்பெனியில் வேலை குறைந்து, அவர் ஆறு மணிக்கே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எதிரெதிரே உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு வெட்கம்! கடைசியில் பால் கணக்கு நோட்டில் எழுதி அவர் பக்கம் தள்ளினேன்: "அரிசியும் பருப்பும் சாதம் செய்யட்டுமா?"

படித்துவிட்டுப் பென்சிலைத் தேடினார். "நெய் இருக்கா?"

திருச்செங்கோட்டிலிருந்து:

அம்மணி சொன்னது சரி, ஆனால் எங்கள் காலத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு நான் மத்தியப் பிரதேசம் போய்விடுவேன். வீட்டுக்காரி என் அத்தை மகள், சின்ன வயதில் ஒன்றாகப் பனங்காய் வண்டி ஓட்டியவள். நான் போடுகிற இன்லேண்டு லெட்டரை அப்பாரு பிரித்து, வாசலில் எல்லோரையும் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார். அவள் எழுதுவதும் அவர் காதுக்குப் போய்த்தான் தபால் பெட்டிக்குப் போகும். அதனால் நான் செவலைக் கன்றுக்குட்டியை விசாரிப்பேன். அவளும் புரிந்துகொண்டு, "செவலை சரியாத் தீனி எடுக்கறதில்லைங்க, தடத்தையே பாத்துட்டு நிக்குதுங்க" என்று எழுதினாள்.

அப்பாரு மறுநாளே கால்நடை டாக்டரைக் கூட்டி வந்துவிட்டாராம்.