என்.எச்.எஸ்-இல் முதல் வேலை: கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

வெளிநாட்டில் மருத்துவம் படித்து பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்-க்கு வரும் டாக்டர்களுக்கு: பிளாப் 2 (தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதி) தேறி, மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சி-யின் பதிவும் வந்துவிட்டால், முதலில் கிடைக்கும் வேலையை ஒப்புக்கொள்ளத்தான் மனம் பறக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஊரையும் சம்பளத்தையும் விட முதல் மாதம் எப்படிப் போகும் என்பதே முக்கியம். பேட்டியின் முடிவில் கட்டாயம் கேளுங்கள்: முதல் ஆன்-காலுக்கு (அவசர அழைப்புப் பணிக்கு) முன் எத்தனை நாள் ஷேடோயிங், அதாவது இன்னொரு டாக்டரின் கூடவே இருந்து பார்த்துக் கற்பது? எஜுகேஷனல் சூப்பர்வைசர் (உங்கள் கற்றலைக் கவனிக்கும் மூத்த டாக்டர்) யார்? இரண்டு வாரமாவது ஷேடோயிங் வேண்டும் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுவது நல்லது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது மருத்துவத்தில் அல்ல, இங்குள்ள முறையில். இரவு இரண்டு மணிக்கு நர்ஸ் போனில் "நியூஸ் 7" என்பார். சுவாசம், ஆக்சிஜன், இரத்த அழுத்தம், நாடி, நினைவு, வெப்பநிலை எல்லாவற்றுக்கும் போட்ட மதிப்பெண்ணின் கூட்டுத்தொகை அது; நோயாளி மோசமாகிறாரா என்று முன்கூட்டியே காட்டும். 5 என்றால் சீக்கிரம் போய்ப் பார்க்க வேண்டும், 7 என்றால் அவசரம். ஆனால் நோயாளி கார்பன் டை ஆக்சைடு தேங்கும் சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) ஆளாக இருந்தால் இரத்த ஆக்சிஜன் செறிவின் இலக்கு 88–92 சதவீதம்தான். அவருக்கு இரண்டாம் ஆக்சிஜன் அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும். சார்ட்டில் அதைக் குறிக்காமல் விட்டால் 90-ஐப் பார்த்துப் பயந்து ஆக்சிஜனை ஏற்றுவார்கள், கார்பன் டை ஆக்சைடும் கூடவே ஏறும். இதெல்லாம் ஷேடோயிங்கில்தான் கைவரும்.

சேர்ந்த வாரமே ஜிஎம்சி ஆன்லைனில் உங்கள் டெசிக்னேட்டட் பாடியை (உங்கள் தகுதியைக் கண்காணிக்கும் பொறுப்புள்ள அமைப்பை) இணையுங்கள். மறந்தால் அப்ரைசலும் (ஆண்டு மதிப்பீடு) ரீவேலிடேஷனும் (தொடர்ந்து பணிபுரியத் தகுதி என்ற உறுதிப்படுத்தல்) சிக்கலாகும். புது ஊழியர் வரி விவரம் தரும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்டைப் பேரோலில் (சம்பளப் பிரிவில்) கொடுக்காவிட்டால் 0டி குறியீட்டில் வரி பிடிப்பார்கள். 12,570 பவுண்டு வரிவிலக்கு கணக்கில் வராது. முதல் சம்பளச் சீட்டிலேயே குறியீட்டைப் பாருங்கள்.

மறுமொழி: இதோடு இன்னும் சில. க்ளினிக்கல் ஃபெல்லோ (முறையான பயிற்சித் திட்டத்தில் சேராத டாக்டர் வேலை) ஒப்பந்தம் பல இடங்களில் 12 மாதம்தான். முடிய நான்கு மாதம் இருக்கும்போதே அடுத்த வேலை தேடுங்கள். வேறு டிரஸ்டுக்கு (மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ் அமைப்புக்கு) மாறினால் புது ஸ்பான்சர்ஷிப் சான்றிதழும் விசா ஒப்புதலும் வந்த பிறகே வேலையில் சேரலாம். நிபுணர் பயிற்சி இடத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2025 ஜூலையில் வந்த அரசின் பத்தாண்டுச் சுகாதாரத் திட்டமே பிரிட்டனில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்கிறது. பயிற்சித் திட்டத்தை முடிக்காமலே நிபுணராகப் பதிவு பெறும் வழியான போர்ட்ஃபோலியோ பாத்வேக்கு லாக்புக் (செய்த சிகிச்சைகளின் குறிப்பேடு), ஆடிட் (சிகிச்சைத் தர ஆய்வு), மதிப்பீட்டுப் படிவங்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள். கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) கையெழுத்தை அந்தந்த மாதமே வாங்கிவிடுங்கள். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் பிறகு வாங்குவது பெரும்பாடு.