ரைசோஸ்பியர்: ‘வேர்மண்டலம்’ வேண்டாம், ‘வேரயல்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் சொற்பட்டியலில் ரைசோஸ்பியருக்கு (rhizosphere) ‘வேரயல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘வேர்மண்டலம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று நண்பர் கேட்டிருக்கிறார். அது புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. பாசனம் பற்றி எழுதுகிறவர்கள் பயிரின் வேர் இறங்கும் ஆழம் முழுவதையும் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். அது அடிக்கணக்கில் போகும். ரைசோஸ்பியரோ வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண். 1904-இல் ஜெர்மன் அறிவியலாளர் லோரென்ஸ் ஹில்ட்னர் அந்தப் பெயரைச் சூட்டியது, வேரின் செயலால் நுண்ணுயிர்கள் பெருகிக் கிடக்கும் அந்த மெல்லிய பகுதிக்குத்தான்.

இளங்கலை ஆய்வுக்கு வந்த மாணவி ஒருவரிடம் ‘வேர்மண்டல மண்’ கேட்டபோது, செடியைச் சுற்றித் தோண்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். சொல்லுக்குப் பொருள் அப்படித்தானே? ஆய்வுக்கு வேண்டியிருந்தது வேறு. செடியைப் பிடுங்கி உதறிய பிறகும் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மண். தூரிகையால் தட்டி எடுத்தால் சில சிட்டிகை தேறும். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, வேர் + அயல் = வேரயல். ‘அயல்நாடு’ போல அந்நியம் என்ற பொருள் வந்துவிடாதா என்று ஓர் ஐயம் எழுந்தது. அயல் என்றால் பக்கம், அருகு. ஈழத்தமிழர் பக்கத்து வீட்டாரை இன்றும் அயலவர் என்றே சொல்கிறார்கள். கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: வேரயல் மண், வேரயல் நுண்ணுயிர்கள். வேரின் உட்பகுதியை வேரகம் என்றும், அதன் மேற்புறத்தை வேர்ப்பரப்பு என்றும் சொன்னால் மூன்று அடுக்குகளும் பிரிந்து நிற்கும். ரைசோஸ்பியருக்கு ‘வேர்ச்சூழல்’ என்றும் சொல்லலாம், அழகான சொல்தான். ஆனால் ‘வேர்ச்சூழல் நுண்ணுயிர்ச் சூழலியல்’ என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள், ‘சூழல்’ இரண்டு முறை வந்து இடறும்.

வேரயலைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் ஊதாவாகவும் மாறும் புரோமோகிரெசால் பர்ப்பிள் என்ற சாயம் கலந்த அகார் கூழில் இளஞ்செடியின் வேரைப் பதித்து வைத்தால் போதும். அம்மோனியம் ஊட்டிய வேர் அமிலத்தை வெளிவிடும். வேரோரம் மட்டும் மஞ்சளாகும். நைட்ரேட் ஊட்டிய வேரின் ஓரம் ஊதாவாகும். முதலாண்டு மாணவர்கள்கூடச் செய்துவிடக்கூடிய சோதனை இது. அந்த நிறப்பட்டையைப் பார்த்தவர் பிறகு தோண்டி எடுத்த மண்ணைப் பையில் கொண்டுவர மாட்டார்.

உழவருக்கும் இந்த வேறுபாடு பயன்படும். பாஸ்பேட் மண்ணில் எளிதில் நகராது. வேரருகே ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதைச் செடி எடுத்துத் தீர்த்துவிடும், சற்றுத் தள்ளியிருப்பது அப்படியே கிடக்கும். மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவை விதை நேர்த்தியாக, அதாவது விதைக்கும் முன்பே விதையில் கலந்து, கொடுக்கச் சொல்வது, முளைக்கும் வேரின் அயலிலேயே அது குடியேற வேண்டும் என்பதால்தான். ‘வேர்மண்டலத்தில் இடவும்’ என்று துண்டறிக்கையில் அச்சிட்டால் இந்தக் காரணம் தொலைந்துபோகிறது. உரத்தைக் குறைக்கச் சொல்லும் எந்த ஆலோசனையும் காரணத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் வயலில் நிற்கும்.

வேர்மண்டலத்தை நீக்கச் சொல்லவில்லை; பாசனத்துறைக்கு அது இருக்கட்டும். சொற்பட்டியலில் ரைசோஸ்பியருக்கு நேரே வேரயல் என்று சேர்க்கலாமா? வேரின் தாக்கம் எட்டாத மண்ணைக் குறிக்கும் ‘பல்க் சாயில்’ (bulk soil) என்பதற்கு நான் ‘புறமண்’ என்று எழுதிவருகிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமேனும் இருந்தால் அனுப்புங்கள்.