எட்டாவது படியில் சேலம் தீர்ந்துவிடுமா?

கணக்கு வாத்தியார்
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் போட்டதை அப்படியே தருகிறேன். "இது பிரமிட் இல்லை. 6,000 ரூபாய்க்கு ஆரோக்கியப் பொருள் வாங்குகிறீர்கள். ஆறு பேரைச் சேர்த்தால் தலைக்கு 1,000 வீதம் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். அவர்கள் சேர்க்கும் ஒவ்வொரு ஆளுக்கும் உங்களுக்கு 200. ஞாயிறு காலை 10 மணி, ஐந்து ரோடு பக்கம் ஓட்டல் ஹால். டிபன் உண்டு."

முப்பத்தொரு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். இதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆறு பேர் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் 36. அப்புறம் 216, 1,296, 7,776, 46,656, 2,79,936. எட்டாவது படியில் 16,79,616. சேலம் மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம் பேர்தான், தொட்டில் பிள்ளையையும் சேர்த்து. எட்டாவது படியில் சேலமே தீர்ந்துவிடும். மேலே இருப்பவருக்குப் பணம் வருவதற்காகக் கீழே கீழே ஆள் சேர்த்துக்கொண்டே போவதைத்தான் பிரமிட் திட்டம் என்பார்கள். இது பிரமிட் இல்லையென்றால் வேறென்ன, கோபுரமா?

உயரம் தொடுவோம்
அந்தப் பதிவைப் போட்டவன் நான்தான். "ஒருவர்" என்று சொன்னதற்கு நன்றி சார், பெயரைச் சொல்லியிருந்தால் விளம்பரமாவது ஆகியிருக்கும்.

உங்கள் கணக்கிலேயே தப்பு. சேலம் என்றால் மாநகராட்சி மட்டுமா? மாவட்டத்தில் 34 லட்சத்து 82 ஆயிரம் பேர். நீங்கள் சொன்ன எட்டுப் படிகளையும் கூட்டினால்கூட 20 லட்சத்துச் சொச்சம்தான் வருகிறது. இன்னும் 14 லட்சம் பேர் பாக்கி. மார்க்கெட் இவ்வளவு பெரிது என்று எடுத்துக் காட்டியதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை திரையில் உங்கள் கணக்கையே போடப்போகிறேன்.

அப்புறம், எனக்கு முதல் மாதமே 4,200 வந்தது. வங்கிக் கணக்கில் வந்தது. மோசடி என்றால் பணம் வருமா?

குகை குசும்பு
டிபன் என்ன என்று யாருமே கேட்கவில்லையே. உப்புமா என்றால் நான் வரவில்லை.

செவ்வாப்பேட்டை வெள்ளி
4,200 என்பது நான்கு பேருக்கு நாலாயிரம், அந்த நாலு பேரில் ஒருவர் சேர்த்த ஆளுக்கு 200. அதாவது தம்பி 6,000 போட்டு 4,200 எடுத்திருக்கிறார். இன்னும் 1,800 ரூபாய் பள்ளத்தில் நிற்கிறார். அதைத்தான் வருமானம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டறையில் ஒரு கொலுசுக்கு இப்படிக் கணக்குப் பார்த்தால் நான் என்றைக்கோ கடையைச் சாத்தியிருப்பேன்.

உயரம் தொடுவோம்
வெள்ளி அண்ணா, அது முதல் மாதம். முதல் மாதத்திலேயே லாபம் பார்த்த வெள்ளிப் பட்டறை எது என்று சொல்லுங்கள், நானும் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

கணக்கு வாத்தியார்
பேச்சை மாற்றாதீர்கள். மாவட்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்பதாவது படி 1,00,77,696. ஒரு கோடி! மாவட்டமும் தீர்ந்தது. எட்டு இல்லையென்றால் ஒன்பது. ஒரு படி தள்ளிப்போனதற்கு இவ்வளவு சந்தோஷமா?

உயரம் தொடுவோம்
ஆக, எட்டு தப்பு என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

கணக்கு வாத்தியார்
ஒப்புக்கொள்ளவில்லை. சேலம் என்று சொன்னேன், சேலம் மாவட்டம் என்று சொல்லவில்லை. மாநகராட்சிக்கு எட்டு. எட்டுதான்.

நாகலூர் மிளகு
ஒரு நிமிடம். மாவட்டக் கணக்கு என்றால் ஏற்காடும் அதில் வருகிறது. எங்களை யார் சேர்த்தது? கீழே ஆள் தீர்ந்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மலைக்கு வந்துவிடுகிறீர்கள். இப்படி ஒரு கூட்டம் ஏற்கெனவே வந்தது. எஸ்டேட்டில் காப்பி பறிக்கப் போகிற ஒரு அம்மா, வெள்ளாடு இரண்டை விற்றுக் கட்டினார். அவரைச் சேர்த்துவிட்டது சொந்த நாத்தனார். இன்றைக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. காசுக்குக் கொடுத்த பொருளின் டப்பாவில் அந்த அம்மா இப்போது மிளகு போட்டு வைத்திருக்கிறார். டப்பா நல்ல டப்பா, அதை ஒத்துக்கொள்கிறேன்.

குகை குசும்பு
மலைக்காரர்கள் கணக்கில் வேண்டாம் என்றால் 34 லட்சத்தில் கழித்துவிடுங்கள் சார். அப்போதும் எட்டுதானா?

கணக்கு வாத்தியார்
கழித்தாலும் எட்டுதான். கழிக்காவிட்டாலும் எட்டுதான்.

உயரம் தொடுவோம்
சார், இன்னொரு சந்தேகம். ஆரம்பித்து வைத்த ஒருவர் இருக்கிறாரே, அவர் எந்தப் படி? அவர் முதல் படி என்றால் ஆறு பேர் இரண்டாம் படி. அப்படிப் பார்த்தால் உங்கள் எட்டாவது படியில் 2,79,936தான். மேலே இருக்கிற எல்லோரையும் கூட்டினாலும் 3,35,923. மாநகராட்சியில் பாதிகூட இல்லை. முப்பத்தொரு வருடம் இப்படித்தான் எண்ணிக் கொடுத்தீர்களா?

கணக்கு வாத்தியார்
அவர் பூஜ்யம்! மரத்தில் வேரைக் கிளையோடு சேர்த்து எண்ணுவார்களா? ஆறின் அடுக்கு பூஜ்யம் ஒன்று. அதைப் பூஜ்யமாம் படி என்றுதான் எழுத வேண்டும். என் மாணவன் யாராவது இதைப் படித்தால் வந்து சொல்லட்டும்.

அம்மாப்பேட்டை அக்கா
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். என் தங்கை போன வாரம் இதே திட்டத்தில் 6,000 கட்டிவிட்டாள் என்று நினைக்கிறேன். முருங்கை இலைப் பொடி மூன்று டப்பா, ஒரு தைலம். அதே பொடி லீ பஜாரில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் வயிறு எரிகிறது. கேட்டால், "பொருளை விற்க வேண்டாம் அக்கா, ஆளைச் சேர்த்தால் போதும்" என்கிறாள். பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா?

செவ்வாப்பேட்டை வெள்ளி
அம்மா, உங்கள் தங்கை சொன்ன அந்த ஒரு வரிதான் விஷயமே. வெளியாள் ஒருவர் காசு கொடுத்து வாங்கிப்போனதில் வருமானம் வந்தால் அது வியாபாரம். புதிதாகச் சேருகிறவர் கட்டிய பணத்திலிருந்து வந்தால் அது பணச்சுழற்சி. 1978ஆம் ஆண்டுப் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் தடைச் சட்டம் நடத்துகிறவரை மட்டும் பிடிக்கிற சட்டம் இல்லை. உறுப்பினராகச் சேர்வதும் அதில் குற்றம்தான். மூன்று வருடம் வரை சிறை. ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுதிக் கொடுங்கள். முக்கியமாக, அவள் இன்னொருவரைச் சேர்க்கும் முன் தடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். எட்டோ ஒன்பதோ, எந்தப் படியில் நின்றாலும் சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே கிடையாது. போட்ட காசு போனதுதான். ஊர் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார்
ஆறில் ஐந்து சரி. ஆனால் "எட்டோ ஒன்பதோ" என்று பட்டும்படாமல் எழுதுவது சரியில்லை. எட்டு.

உயரம் தொடுவோம்
வெள்ளி அண்ணா 1978இலேயே நிற்கிறார். 2021இல் நேரடி விற்பனைக்கு மத்திய அரசே விதிகள் கொண்டுவந்தது. எங்களுக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. பில் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

செவ்வாப்பேட்டை வெள்ளி
படித்துவிட்டுத்தான் வந்தேன் தம்பி. அதே 2021 விதிகள்தான் பிரமிட் திட்டம் நடத்தக்கூடாது, அதில் ஆள் சேர்க்கக்கூடாது என்றும் சொல்கின்றன. ஜி.எஸ்.டி. எண் என்பது வரி கட்டுவதற்கான பதிவு. யோக்கியன் என்று யாரும் எழுதிக் கொடுத்த சான்றிதழ் இல்லை. எனக்கும்தான் இருக்கிறது, அதைக் காட்டினால் கொலுசை உரசிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வீர்களா?

உயரம் தொடுவோம்
நீங்கள் சீட்டு நடத்தலாம், நாங்கள் நெட்வொர்க் நடத்தக்கூடாதா? சீட்டும் நாலு பேர் காசை ஒருவருக்குத் தூக்கிக் கொடுப்பதுதானே?

செவ்வாப்பேட்டை வெள்ளி
இங்கேதான் கோபம் வருகிறது. இருபது பேர், இருபது மாதம். மாதம் ஒருவர் ஏலத்தில் எடுக்கிறார், தள்ளுபடி மற்றவர்களுக்குப் பிரிகிறது. இருபத்தோராவது ஆள் வரவே தேவையில்லை. 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டுப் பதிவாளரிடம் பதிவு செய்து, பிணைத்தொகை கட்டி நடத்துகிறேன். உங்கள் திட்டத்தில் நாளைக்கு யாரும் சேரவில்லை என்றால் நாளைக்கே மூச்சு நின்றுவிடும். இரண்டும் ஒன்றா?

குகை குசும்பு
அண்ணா, பதிவு செய்த சீட்டு சரி. அம்மாப்பேட்டையில் ஒரு தீபாவளிச் சீட்டு, மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டில் பூட்டு தொங்கியது. அந்த வருடம் பழைய சட்டைதான். சீட்டுக்காரர்கள் யோக்கியம் பேசும்போதெல்லாம் அந்தப் பூட்டு ஞாபகம் வருகிறது.

செவ்வாப்பேட்டை வெள்ளி
பதிவு இல்லாத சீட்டில் கட்டிவிட்டு என்னிடம் ஏன் பாய்கிறாய்? ரசீது வாங்கினாயா?

குகை குசும்பு
ஒரு சின்ன நோட்டு கொடுத்தார்கள். அட்டையில் லட்சுமி படம் இருந்தது.

நாகலூர் மிளகு
இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எதைச் சொன்னாலும் உறைக்காது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு எவ்வளவு பேர் கட்டினார்கள்? கோழி கொடுத்து, தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பணமும் கொடுப்பார்களாம். கறியை யார் வாங்கப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் பட்டினி கிடந்த கோழிக்கு அரசாங்கம் தீனி போட்டது.

உயரம் தொடுவோம்
ஈமு ஈரோட்டுக்காரர்கள் விவகாரம். சேலத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

நாகலூர் மிளகு
ஏற்காட்டை நீங்கள் இழுத்தீர்களே.

கணக்கு வாத்தியார்
ஈமுவில் ஆள் சேர்க்கச் சொல்லவில்லை. புதிதாக வந்தவர் போட்டதை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் வகை அது. 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்பவர் 45 நாளில் 50 சதவீதம் தருகிறேன் என்று வாங்கினாரே, அந்த ஜாதி. இங்கே நாம் பேசுவது அடுக்கு. ஆறின் அடுக்கு. எட்டாவது படி. தயவுசெய்து குழப்பாதீர்கள்.

குகை குசும்பு
சரி, சிரிக்க மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். போன மாதம் டெலிகிராமில் ஒரு வேலை வந்தது. ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். முதல் நாள் 150 வந்தது, நிஜமாகவே வந்தது. இரண்டாம் நாள் 1,000 கட்டினால் 1,300 என்றார்கள், அதுவும் வந்தது. அப்புறம் 5,000, 18,000. திரையில் 41,000 காட்டியது. எடுக்கப் போனால் முதலில் வரி கட்டச் சொன்னார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்தேன், ஆனால் நாலு நாள் கழித்து. உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருப்போம் என்றார்கள்.

அதனால் உயரம் தம்பி, "பணம் வந்ததே" என்று சொல்லாதீர்கள். எனக்கும்தான் வந்தது.

உயரம் தொடுவோம்
ஆன்லைன் திருட்டையும் எங்களையும் ஒன்றாகப் பேசாதீர்கள். நாங்கள் ஹால் எடுத்து, முகம் காட்டி நடத்துகிறோம். எனக்குப் பணம் வந்தது. 4,200. வந்தது வந்ததுதான். வாத்தியார் முதலில் தன் எட்டை ஒன்பதாக மாற்றட்டும், நான் பேசுகிறேன்.

கணக்கு வாத்தியார்
குமாரசாமிப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் போர்டில் எழுதியதை அழித்தவன் இல்லை. எட்டு.

நாகலூர் மிளகு
2011 கணக்கை வைத்து இவ்வளவு சண்டை. 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பைத் தள்ளிப் போட்டார்கள். இப்போது ஊரில் எத்தனை பேர் என்று உங்கள் இருவருக்குமே தெரியாது.

உயரம் தொடுவோம்
கூடியிருந்தால் எங்களுக்கு நல்லதுதான்.

அம்மாப்பேட்டை அக்கா
தங்கையிடம் பேசப் போனேன். அவள் நேற்றே நாலாவது ஆளைச் சேர்த்துவிட்டாளாம். என் மாமியார். நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோட்டுக்கு என்னையும் கூப்பிடுகிறார். புடவை எடுத்து வைத்துவிட்டார்.

குகை குசும்பு
அக்கா, டிபன் என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்
அம்மா, உங்கள் தங்கைக்கு மேலே எத்தனை பேர் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். ஆரம்பித்தவரை எண்ணாமல். மாமியார் எந்தப் படி என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

உயரம் தொடுவோம்
ஆரம்பித்தவரை எண்ணித்தான் பார்க்க வேண்டும்.